பருவமில்லாத நாடு என்று யார் சொன்னது?

நமது நாட்டில் பருவங்கள் கிடையாது. புவிமத்திய கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வருடம் முழுக்க ஒரே சூடு. பகலும் இரவும் எந்நாளும் சமம். பூமியின் அச்சு சரிந்திருப்பதால் வருகிற மாற்றமெல்லாம் லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் உரியது. இந்தப் பேச்சைக் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் எங்கே போனாலும் கேட்கலாம். ரியூசன் கொட்டிலிலும் கேட்கலாம், பள்ளிவாசல் முன்றலிலும் கேட்கலாம், கோயில் வீதியிலும் கேட்கலாம். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்தவர், "அங்கதான் மச்சான் நாலு சீசன், இங்க என்ன, ஒரே வெயில்" என்கிறார். ஊரில் இருப்பவரும் ஓமென்று தலையாட்டுகிறார். படித்தவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் கெட்டியாக இருக்கிறது. அவர்கள் பாடசாலையில் வரைந்து புள்ளி வாங்கிய படம் அப்படி: நடுவில் சூரியன், சுற்றிவர நாலு பூமி, வசந்தம், கோடை, இலையுதிர், மாரி என்று நாலு பெயர். அந்தப் படத்தில் இலங்கைக்கு இடமில்லை.

இந்தக் கருத்து தவறு. பாதி சரி, பாதி பிழை என்று சமாதானம் பேசவும் நான் தயாரில்லை. காரைதீவுக்காரரின் உழவையும் தொழிலையும் கடலையும் வெள்ளத்தையும் தீர்மானிப்பது பூமியின் சுழற்சியும் சாய்வும்தான். அது தெரியாமல் போனதற்குக் காரணம், எங்கே பார்க்க வேண்டும் என்று நமக்கு யாரும் சொல்லித்தராததே.

எதிர்த்தரப்பின் கையிலுள்ள கணக்கை முதலில் வைத்துவிடுகிறேன். காரைதீவு வட அகலாங்கு ஏறத்தாழ 7.4 பாகையில் கிடக்கிறது. ஜூன் 21 அளவில் வரும் மிக நீண்ட பகல் இங்கே 12 மணி 33 நிமிடம். டிசெம்பர் 21 அளவில் வரும் மிகக் குறுகிய பகல் 11 மணி 42 நிமிடம். வித்தியாசம் 51 நிமிடம். லண்டனில் அதே இரண்டு பகல்களும் 16 மணி 38 நிமிடம், 7 மணி 50 நிமிடம். நமது கரையில் மிகச் சூடான மாதத்துக்கும் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் சராசரி வெப்பநிலையில் மூன்று நான்கு பாகைதான் இடைவெளி. மரங்கள் மொட்டையாவதில்லை, பனி கொட்டுவதில்லை. எல்லாம் உண்மை. ஆனால் வெப்பமானியையும் மணிக்கூட்டையும் மட்டும் சாட்சிக் கூட்டில் ஏற்றிவிட்டு வழக்கை முடிப்பது எந்த ஊர் நியாயம்? காற்று, மழை, கடல், நிழல் என்று வேறு சாட்சிகள் வெளியே நிற்கின்றன.

நிழலை முதலில் விசாரிப்போம். முற்றத்தில் ஒரு மீற்றர் நீளமான தடியொன்றை நிமிர்த்தி நட்டுக்கொள்ளுங்கள். டிசெம்பர் 21 நண்பகலில் அதன் நிழல் வடக்கே விழும். நீளம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர். தை, மாசி, பங்குனி என்று நாள் போகப் போக அது குறுகும். ஏப்ரல் 9 அளவில் தடியின் அடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். பிறகு நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். ஜூன் 21 நண்பகலில் தெற்கே 29 சென்ரிமீற்றர் இருக்கும். திரும்பிக் குறுகி, செப்டெம்பர் 3 அளவில் மறுபடியும் ஒடுங்கி, அதன்பின் வடக்குப் பக்கம் போய்விடும். வருடத்தில் கிட்டத்தட்ட ஐந்து மாதம் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆனி ஆடியில் வடக்கு விறாந்தையிலும் மார்கழி தையில் தெற்கு விறாந்தையிலும் வெயில் ஏறுவதைக் கண்டவர்களுக்கு இது புதினமல்ல.

லண்டன்காரருக்கு இது கிடைக்காது. அங்கே நண்பகல் சூரியன் என்றென்றும் தெற்கில்தான், நிழல் என்றென்றும் வடக்கில்தான். கூடும், குறையும், திசை மாறாது. பூமி சூரியனைச் சுற்றிவரும்போது அதன் அச்சு விண்வெளியில் ஒரே பக்கத்தையே நோக்கிச் சரிந்து நிற்பதால், ஜூனில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது, டிசெம்பரில் விலகிச் சாய்ந்திருக்கிறது. இந்தச் சாய்வை நிழலின் திசையையே மாற்றிக் காட்டும் இடம் அயன மண்டலம், அதாவது நாம் இருக்கும் இடம். சாய்வு நமக்குச் சம்பந்தமில்லாதது என்று சொல்லுகிறவர் முதலில் இந்தத் தடிக்குப் பதில் சொல்லட்டும்.

இந்த இடத்தில் இன்னொரு பழைய பிழையையும் தீர்த்துக்கொள்வது நல்லது. சூரியனுக்குக் கிட்டப் போகும்போது கோடை, எட்டப் போகும்போது மாரி என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பூமி சூரியனுக்கு மிகக் கிட்ட வருவது ஜனவரி 3, 4 அளவில், 14.71 கோடி கிலோமீற்றர் தூரத்தில். மிக எட்டப் போவது ஜூலை 4 அளவில், 15.21 கோடி கிலோமீற்றர். தூரம்தான் காரணமென்றால் தைப்பொங்கலுக்குச் சற்று முன்புதான் இந்தக் கரை கொதிக்க வேண்டும். நாமோ அப்போது போர்வை தேடுகிறோம். கணக்குப் போட்டால் இன்னும் தெளிவு. டிசெம்பர் கடைசியில் காரைதீவின் வானத்தில் வந்து சேரும் ஒரு நாள் வெயில், ஏப்ரலில் சேர்வதைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைவு. சூரியன் கிட்ட நின்றும் குறைவு. அச்சு நிமிர்ந்திருந்தால் ஜனவரியில் கூடி ஜூலையில் குறைந்திருக்கும்.

இனி முக்கியமான வாதத்துக்கு வருவோம். "சரி, மழைக்காலமும் வெயில்காலமும் நமக்கு உண்டு, ஆனால் அது பருவக்காற்றின் வேலை, பூமியின் சாய்வுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று சிலர் கேட்பார்கள். புவியியல் படித்தவர்களும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். இரண்டையும் இரண்டு வெவ்வேறு பாடங்களில், இரண்டு வெவ்வேறு தவணைகளில் படித்ததன் விளைவு அது.

காற்று தன் விருப்பத்துக்குத் திசை மாற்றுவதில்லை. சூரியன் சூடாக்கிய இடத்தில் காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப வேறு காற்று ஓடிவருகிறது என்று எட்மண்ட் ஹாலி 1686இலேயே வியாபாரக் காற்றுகளையும் பருவக்காற்றுகளையும் விளக்க முயன்றார். அந்த விளக்கத்தில் இருந்த பெரிய ஓட்டையை 1735இல் ஜோர்ஜ் ஹட்லி அடைத்தார்: பூமி சுழல்வதையும் கணக்கில் எடுத்தால்தான் காற்று ஏன் நேரே வராமல் வளைந்து வருகிறது என்பது புரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நம் கரைக்கு வாருங்கள்.

மே, ஜூன் மாதங்களில் வட அரைக்கோளம் சூரியன் பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தியாவும் திபெத் மேட்டுநிலமும் சூடேறுகின்றன. அங்கே அமுக்கம் குறைகிறது. இரு அரைக்கோளத்துக் காற்றுகளும் வந்து கூடும் ஒருங்கல் வலயம் நம்மைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. தெற்கிலிருந்து வரும் காற்று மத்திய கோட்டைக் கடந்து அதன் பின்னால் இழுபடுகிறது. கடந்த கையோடு பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் திருப்பிவிடுகிறது. தெற்கிலிருந்து கிளம்பியது தென்மேற்கிலிருந்து வீசும் காற்றாகிறது. அது காலியிலும் இரத்தினபுரியிலும் மழையைக் கொட்டித் தீர்த்து, பீதுருதாலகாலை 2,524 மீற்றருக்கு எழும்பி நிற்கும் மத்திய மலைநாட்டில் ஏறி, ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுக் கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகிறது. பட்டிப்பளை ஆற்றுப் பக்கமாக, வட்டைகளைத் தாண்டி, தெருப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து உதட்டை வெடிக்கவைக்கும் அந்தக் காற்றுக்கு நாம் வைத்த பெயர் கச்சான். கச்சான் அடிக்கிறது என்று ஒருவர் சொன்னால், அச்சின் சாய்வு, பூமியின் சுழற்சி, மலைநாட்டின் உயரம் மூன்றும் ஒன்றாய் வந்து வாசலில் நிற்கின்றன என்று பொருள். இதைவிட என்ன பருவம் வேண்டும்?

செப்டெம்பருக்குப் பிறகு எல்லாம் தலைகீழ். நண்பகல் சூரியன் தெற்கே நகர, ஒருங்கல் வலயமும் பின்னாலேயே இறங்குகிறது. ஒக்டோபர், நவம்பரில் அது இலங்கையின் மேலாகக் கடக்கிறது. பின்னேரத்து இடிமழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம், வானொலியில் எச்சரிக்கை எல்லாம் அப்போதுதான். டிசெம்பரில் ஆசியப் பெருநிலம் குளிர்ந்துவிட, அங்கிருந்து புறப்படும் காற்று விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு வடகிழக்கிலிருந்து நேரே நம் கரையில் மோதுகிறது. அதுதான் வாடை. நமது ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் பெய்கிறது. சாய்வை எடுத்துவிட்டுப் பாருங்கள். சூரியன் மத்திய கோட்டுக்கு நேரே அசையாமல் நிற்கும். கண்டம் ஒரு காலம் சூடேறி மறு காலம் குளிரும் வேலை நின்றுபோகும். ஆறு மாதத்துக்கொரு தடவை திசை மாற்றும் காற்றுக்கும் காரணம் இருக்காது.

பெரும்போகமும் சிறுபோகமும் இந்தத் திசைமாற்றத்தின் மேலேயே நிற்கின்றன. மழையை நம்பி ஐப்பசி, கார்த்திகையில் விதைத்து மாசி, பங்குனியில் வெட்டுவது பெரும்போகம். கச்சான் காலத்துச் சிறுபோகத்துக்கு இங்கினியாகலைக் குளத்துத் தண்ணீர் வேண்டும். எந்தத் திகதியில் வாய்க்காலைத் திறப்பது என்று கூட்டம் கூடி வட்டை விதானையிடம் சண்டை பிடிக்கும் விவசாயியைப் பார்த்து "நமக்குப் பருவமில்லை" என்று சொல்லிப் பாருங்கள்!

கடலும் அப்படித்தான். வாடைக் காலத்தில் கிழக்குக் கடல் மூர்க்கமாகி, தோணிகள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். கச்சான் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி அடிப்பதால் அலை தணிந்து கரைவலைக்கு வசதி. மேற்குக் கரையில் இதற்கு நேரெதிர். அதனால்தான் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் அங்கே கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கிழக்கே வந்து வாடி போடுகிறார்கள். நமது மாவட்டத்துப் பொத்துவில் அறுகம்பையில் ஏப்ரலிலிருந்து ஒக்டோபர் வரை அலைச்சறுக்குக்காரர் குவிகிறார்கள். நவம்பர் வந்ததும் அவர்களே ஹிக்கடுவைக்குப் போகிறார்கள். அவுஸ்திரேலியாவிலிருந்து பலகையோடு வரும் பொடியனுக்குத் தெரிந்த பருவம், அறுகம்பைக்கு ஒன்றரை மணித்தியாலம் வடக்கே இருக்கும் நமக்குத் தெரியவில்லை என்றால் என்ன சொல்வது.

இன்னும் பின்னே போகலாம். அரபு வணிகர்கள் தென்மேல் காற்றில் பாய் விரித்து இந்தத் தீவுக்கு வந்தார்கள், வடகீழ்க் காற்றில் திரும்பினார்கள். திரும்பாமல் தங்கியவர்களும் உண்டு. பருவமே இல்லாத நாட்டுக்குப் பருவக்காற்றேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று நம்மில் பாதிப்பேரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மறுபக்கம், காரைதீவு கண்ணகி அம்மனுக்குச் சடங்கு வைத்துக் குளிர்த்தி பாடுவது வைகாசியில். கச்சான் காய்ச்சத் தொடங்கும் மாதம் அது. அம்மனைக் குளிரவைக்க வேண்டிய மாதம் எது என்று முன்னோர் பஞ்சாங்கத்தைப் பார்க்குமுன்னே வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்படியெல்லாம் சொன்னால், பேச்சளவில்தானே பிழை, இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பவர்களுக்கு ஒரு பட்டியல் தருகிறேன். 1964 டிசெம்பர் 22, 23: திருகோணமலையையும் மன்னாரையும் தனுஷ்கோடியையும் அடித்த புயல். 1978 நவம்பர் 23: மட்டக்களப்புச் சூறாவளி. 2000 டிசெம்பர் 26: திருகோணமலை. 2020 டிசெம்பர் 2: புரெவி. 2025 நவம்பர் கடைசி: டித்வா. எல்லாம் நவம்பர், டிசெம்பர். தற்செயலா? ஒருங்கல் வலயம் நம் பக்கத்தில் நிற்பதும், விரிகுடா இன்னும் சூடாக இருப்பதும், அந்தச் சுழிக்கு உருவம் கொடுக்கப் பூமியின் சுழற்சி போதுமான அகலாங்கில் இருப்பதும் ஒன்றாய்க் கூடுவது அந்த மாதங்களில்தான். மத்திய கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது மிக அரிது, ஏனென்றால் அங்கே சுழற்சியின் திருப்பு விசை மிகச் சிறியது. நாம் ஏழு பாகையில் இருக்கிறோம்.

2024 நவம்பர் 26ஆம் திகதி, பின்னர் ஃபெங்கல் புயலாக மாறிய தாழமுக்கம் கொட்டிய மழையில், காரைதீவு–அம்பாறை வீதியில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் இழுபட்டது. பிள்ளைகளில் சிலர் வீடு திரும்பவில்லை. அந்தச் சாவுக்கு யார் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலையல்ல. ஆனால் நவம்பர் என்றால் என்ன என்பதைப் பள்ளிக்கூடப் பாடம் முதல் வீதி நிர்வாகம் வரை எல்லாரும் உடம்பில் உணர்ந்திருக்க வேண்டிய மாவட்டம் இது. நமக்கு ஒரே வெயில் என்ற மனப்பான்மை அந்த உணர்வை மழுங்கடிக்கிறது.

ஏப்ரல் விடயத்துக்கும் வருகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கையின் அகலாங்குகளுக்கு நேரே சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. மிகச் சரியான அறிவிப்பு. மக்கள் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முடிவுதான் கோணல்: சூரியன் தலைக்குமேல் வருவதால் சூடு, அது சித்திரையில் மட்டும். ஓகஸ்ட் 28 முதல் செப்டெம்பர் 7 வரை அதே சூரியன் அதே தீவுக்கு மறுபடியும் உச்சம் கொடுக்கிறது. அப்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஜூனில் நண்பகல் சூரியன் நம் தலையிலிருந்து 16 பாகை விலகி நிற்கும்போதும் கச்சானின் தயவால் உடம்பு எரிகிறது. சூரியனின் உயரம், மேகம், காற்றின் திசை, கடலின் சூடு எல்லாம் சேர்ந்துதான் சூடு. ஒற்றைக் காரணத்தோடு திருப்திப்படுகிறவர் நாலு பருவப் படத்தோடு திருப்திப்படுகிறவரின் சொந்தச் சகோதரர்.

சாய்வு நமக்கு எந்த வடிவில் வருகிறது என்று புரியாததால் நாடே ஒருமுறை அடிபட்டிருக்கிறது. 1996இல் வரட்சியால் நீர்மின்சாரம் படுத்துவிட, அந்த மே மாதம் 25ஆம் திகதி மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். ஒக்டோபரில் அரை மணித்தியாலம் திருப்பினார்கள். மிச்ச அரை மணித்தியாலம் 2006 ஏப்ரல் வரை நின்றது. பகல் வெளிச்சத்தை மிச்சம் பிடிக்கும் இந்த உத்தி, கோடையில் 16 மணித்தியாலப் பகல் கொண்ட நாடுகளில் பிறந்தது. அங்கே காலை நாலு மணிக்கே விடியும் வெளிச்சம் தூங்குகிறவர்களுக்கு வீணாகிறது, அதை மாலைக்கு மாற்றலாம். நமது மிக நீண்ட பகலே 12 மணி 33 நிமிடம். மாலையில் கூட்டியதைக் காலையில் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். கொடுத்தார்கள் பாடசாலைப் பிள்ளைகள், இருட்டோடு எழும்பி. பகலின் நீளத்தில் தேடினால் சாய்வின் பலன் நமக்குக் கிடைக்காது. மழையைத் தேக்குவதில் தேடியிருந்தால் வரட்சிக்கே விடை கிடைத்திருக்கும்.

பகலின் நீளம் அதிகம் மாறாவிட்டாலும் பகல் இடம் மாறுகிறது. அதைப் பார்க்க எந்த ஆய்வுகூடமும் வேண்டாம். சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு பள்ளிவாசலுக்குப் போய்ச் சுவரில் தொங்கும் தொழுகை நேர அட்டவணையைப் பாருங்கள். நம் கரையில் சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.46, பெப்ரவரி நடுவில் 12.17. அரை மணித்தியால ஊசலாட்டம். லுஹர் நேரம் அதோடு சேர்ந்து நகர்கிறது. அச்சின் சாய்வும் பூமிப் பாதையின் நீள்வட்டமும் சேர்ந்து செய்யும் வேலை இது. மஃரிப் நவம்பர் நடுவில் 5.40 அளவுக்கு வந்துவிடும். ஜூலையில் 6.24 வரை போகும். மிகக் குறுகிய பகல் டிசெம்பர் 21 என்றாலும் சூரியன் மிக முந்தி மறைவது நவம்பரில். கொழும்பைவிட எட்டு நிமிடம் முன்னதாக இங்கே விடிந்து எட்டு நிமிடம் முன்னதாக இருட்டுகிறது. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதன் நேரடிக் கணக்கு அது. காரைதீவில் நிற்பவரை அது மணிக்கு ஏறத்தாழ 1,650 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டு போகிறது.

அட்டவணை கையில் இருக்கும்போதே இன்னொன்று. மே 27 அல்லது 28ஆம் திகதி பிற்பகல் 2.48க்கும், ஜூலை 15 அல்லது 16ஆம் திகதி பிற்பகல் 2.57க்கும் சூரியன் மக்காவில் கஃபாவுக்கு நேர் மேலே நிற்கிறது. அந்த நிமிடத்தில் நம் ஊரில் சூரியன் தெரியும் பக்கமே கிப்லா. கஃபா வட அகலாங்கு 21.4 பாகையில் இருக்கிறது. சூரியன் உச்சம் கொடுக்கும் எல்லை 23.4 பாகை. அச்சு நிமிர்ந்திருந்தால் அந்த இரண்டு நாள்களும் உலகத்தில் இருக்கவே முடியாது. 858 முதல் 929 வரை வாழ்ந்த வானியலறிஞர் அல்-பத்தானி இந்தச் சாய்வை 23 பாகை 35 கலை என்று அளந்து வைத்தார். சாய்வு அதன்பின் மெல்லக் குறைந்து இன்று 23 பாகை 26 கலை. அவர் அளந்தது அன்றைக்குச் சரியான அளவு. இந்த மரபைக் கையில் வைத்துக்கொண்டு, சாய்வு வெள்ளைக்காரன் நாட்டுக் கதை என்று நம்மூர் முஸ்லிம் பிள்ளையொன்று சொன்னால் யாரைக் குறை சொல்வது?

கோயில் பக்கமும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கிறது. தை முதல் நாளில் சூரியன் வடக்கே திரும்புகிறது என்று ஆண்டுதோறும் சொற்பொழிவு கேட்கிறோம். திரும்புவது டிசெம்பர் 21 அல்லது 22இல். அச்சின் திசை ஏறத்தாழ 26,000 ஆண்டுக்கு ஒருமுறை வட்டமடிக்கிறது. அதனால் நட்சத்திரங்களை வைத்துக் கட்டிய மாதமும் சூரியனின் திருப்பமும் 72 ஆண்டுக்கு ஒரு நாள் என்ற கணக்கில் விலகிக்கொண்டே வந்திருக்கின்றன. இரண்டும் பொருந்தியிருந்தது சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. பொங்கலைத் தள்ளி வைக்கச் சொல்லவில்லை. பொங்கல் அறுவடைக்கும் உரியதுதானே. சொற்பொழிவில் ஒரு வசனத்தை மாற்றினால் போதும்.

விஞ்ஞானம் நம் மண்ணுக்கு ஒட்டாதது என்று இந்த ஊரில் யாரும் வாய்திறக்க முடியாது. 1892இல் இங்கே பிறந்த மயில்வாகனம், லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாகி விஞ்ஞானம் கற்பித்தவர். விபுலானந்த அடிகளான பிறகு 1947இல் யாழ் நூலைக் கணக்கின் மேல் கட்டியெழுப்பியவர். அவர் ஊரின் பிள்ளைக்குத் தன் நிழல் ஆனியில் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாது. இலையுதிர் காலம் எந்த மாதத்தில் என்று தெரியும். இங்கே மரம் எதுவும் அந்த மாதத்தில் இலை உதிர்க்காது.

ஆகவே காரைதீவு, மாளிகைக்காடு, நிந்தவூர், சாய்ந்தமருது, கல்முனை, சம்மாந்துறை ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்றுதான். நாலு பருவப் படத்தை லண்டனுக்கென்று பெயர் எழுதி வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நமக்கொரு படம் வரைவியுங்கள்: பங்குனி சித்திரை உச்சம், கச்சான், ஆவணி உச்சம், ஒக்டோபர் நவம்பர் இடிமழை, வாடை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நண்பகல் நிழலின் நீளத்தையும் திசையையும் பிள்ளைகளே அளந்து எழுதட்டும். கரைவலைக்காரரிடமும் வட்டைக்காரரிடமும் காற்று மாறும் திகதியைக் கேட்டு எழுதட்டும். தொடங்க ஒரு நல்ல நாள் சொல்கிறேன். ஜூன் 21ஆம் திகதி நம் கரையில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணி 4 நிமிடத்துக்கு. ஒரு மீற்றர் தடியை எடுத்துக்கொண்டு வகுப்பை வெளியே கூட்டி வாருங்கள்.